நியூட் ஆர்ட் போட்டோஷூட்: கேமரா ஆன் ஆவதற்கு முன்பே முடிவாக வேண்டியவை என்னென்ன?

2022 நவம்பர் 26. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள பாண்டை கடற்கரை. பொழுது விடியும் நேரத்தில் சுமார் 2,500 பேர் மணலில் திரண்டு நின்றார்கள். ஒருவர் உடம்பிலும் துணி இல்லை. தோல் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக அமெரிக்க போட்டோகிராபர் ஸ்பென்சர் டூனிக் எடுத்த படம் அது. இவருக்கு இது புதிதல்ல. 2010-ல் அதே சிட்னியின் ஓபரா ஹவுஸ் வாசலில் சுமார் 5,200 பேர், 2007-ல் மெக்சிகோ சிட்டியின் மையச் சதுக்கத்தில் சுமார் 18,000 பேர் இவர் கேமரா முன் அப்படி நின்றிருக்கிறார்கள். யாரும் தொழில்முறை மாடல்கள் இல்லை. டீச்சர், நர்ஸ், ரிட்டயர் ஆனவர்கள் என எல்லாரும் சாதாரண ஜனங்கள்தான்.

அத்தனை பேர் சேர்ந்து நிற்கும்போது கூச்சம் சீக்கிரம் கரைந்துவிடும். அங்கே உடை போட்டிருப்பவர்தான் தனியாகத் தெரிவார். ஆனால் ஒரு சின்ன ஸ்டூடியோ, சாத்திய கதவு, ஒரு போட்டோகிராபர், ஒரே ஒரு மாடல் என்றால் நிலைமை தலைகீழ். உடை இல்லாதவர் அங்கே ஒருவர்தான். அந்த நேரத்தில் "இது வேண்டாம்" என்று சொல்ல வாய் வராமல் போகலாம். அதனால்தான் அனுபவமுள்ள போட்டோகிராபர்கள், மாடல் உடையோடு உட்கார்ந்திருக்கும்போதே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறார்கள்.

அப்படி என்னென்ன பேச வேண்டும்? ஷூட் நடக்கும் அறை எப்படி இருக்க வேண்டும்? நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? பார்ப்போம்.

(ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 18 வயது நிறையாதவர் என்றால் இந்தக் கட்டுரையில் வரும் எதுவும் பொருந்தாது. பெற்றோரே கையெழுத்து போட்டாலும் அப்படி ஒரு ஷூட் நடக்கக் கூடாது. போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் அங்கே வந்து நிற்கும்.)

'நியூட்' என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கும் சிக்கல்

'நியூட் ஆர்ட்' என்று ஒரே வார்த்தையில் பேசி முடிப்பதுதான் முதல் தப்பு. ஏன்னா, அதற்கு ஆளுக்கு ஒரு அர்த்தம். முதுகு மட்டும் தெரியும் படமும் நியூட்தான். பின்னால் லைட் வைத்து உடம்பின் கோடு மட்டும் தெரிகிற நிழல் படமும் நியூட்தான். 'இம்ப்ளைடு நியூட்' என்று ஒன்று இருக்கிறது. பார்ப்பவருக்கு உடை இல்லாதது போலத் தோன்றும். ஆனால் கையோ, துணியோ, தோல் நிற உள்ளாடையோ மறைத்திருக்கும். முழு நிர்வாணம் இன்னொரு வகை. மாடல் மனதில் முதல் வகையும், போட்டோகிராபர் மனதில் கடைசி வகையும் இருந்தால், அந்த வித்தியாசம் ஸ்டூடியோவுக்குள் வைத்துத்தான் வெடிக்கும்.

இதற்கு எளிய வழி, மாதிரிப் படங்கள். எந்த மாதிரி போஸ், எந்த மாதிரி லைட், உடம்பில் எது தெரியும், எது தெரியாது, முகம் வருமா வராதா என்று பத்துப் பதினைந்து படங்களைக் காட்டி முன்கூட்டியே பேசிவிடலாம். "இதுவரைக்கும் ஓகே, இதுக்கு மேல வேண்டாம்" என்று மாடல் அங்கேயே கோடு போட்டுவிடலாம். முகத்தோடு மச்சம், டாட்டூ, ஆபரேஷன் தழும்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பேச வேண்டும். முகமே இல்லாத படத்திலும் ஒரு டாட்டூ போதும், ஊரில் தெரிந்தவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போட்டோகிராபரை எப்படி நம்புவது?

இன்ஸ்டாகிராம் பக்கம் அழகாக இருப்பது சான்று ஆகாது. அடுத்தவர் எடுத்த படங்களைத் தன் படமாகப் போட்டுக்கொள்கிறவர்களும் அங்கே உண்டு. அவரிடம் ஏற்கெனவே ஷூட் செய்த இரண்டு மூன்று மாடல்களிடம் பேசுவதுதான் சரியான வழி. அவராகக் கொடுக்கும் நம்பர்களை விட, அவர் படங்களில் இருக்கும் ஒருவரைத் தானாகத் தேடிப் பேசுவது இன்னும் நல்லது.

சில பேச்சு வந்தாலே உஷாராகிவிட வேண்டும். "செலக்ட் பண்றதுக்கு முன்னாடி டிரெஸ் இல்லாம ரெண்டு செல்ஃபி அனுப்புங்க" என்பது அதில் முதலாவது. உடல்வாகு தெரிய வேண்டும் என்றால் உடம்போடு ஒட்டிய சாதாரண உடையில் ஒரு படம் தாராளமாகப் போதும். அடுத்தது, "கூட யாரையும் கூட்டிட்டு வராதீங்க, மூடு போயிடும்." நம்பிக்கையான ஒரு தோழியோ நண்பரோ கூட வருவது இந்தத் துறையில் உலகம் முழுக்க சகஜம். அவர் அறைக்குள் இருக்க வேண்டுமா, வெளியே உட்கார வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மாடல். துணைக்கு ஆள் வருவதையே மறுக்கும் போட்டோகிராபரிடம் போகாமல் இருப்பதே மேல்.

வயதுக்குச் சான்று கேட்பது சரிதான். கேட்காமல் விட்டால்தான் தப்பு. ஆனால் முழு ஆதார் நகலைத் தர வேண்டியதில்லை. கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' தரவிறக்கம் செய்யும் வசதி இருக்கிறது. நிர்வாணப் படமும், வீட்டு முகவரியும், ஆதார் எண்ணும் ஒரே ஆளின் லேப்டாப்பில் ஒன்றாகக் கிடப்பது யாருக்கும் நல்லதில்லை.

உடம்பு மாடலுடையது, படம் யாருடையது?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக ஒரு போட்டோவின் முதல் உரிமையாளர் அதை எடுத்த போட்டோகிராபர்தான். காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர் இருந்தால் உரிமை அவருக்குப் போகலாம். படத்தில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் மாடலுக்குக் காப்புரிமை வருவதில்லை.

அதனால் 'மாடல் ரிலீஸ்' எனப்படும் ஒப்பந்தத்தாளை, படிக்காமல் கையெழுத்துப் போடும் சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது. நெட்டில் கிடைக்கும் ரெடிமேட் படிவங்கள் பலவும் போட்டோகிராபருக்குச் சாதகமாக எழுதப்பட்டவை. 'எந்த ஊடகத்திலும், எந்த நோக்கத்துக்கும், எக்காலத்துக்கும்' என்று ஒரு வரி அதில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு வரி போதும், கேலரிக்காக எடுத்த படம் ஏதோ ஒரு விளம்பரத்தில் வந்து நிற்க.

கண்காட்சிக்கு மட்டுமா, சமூக வலைதளத்திலும் வருமா, ஸ்டாக் போட்டோ தளத்தில் விற்கலாமா, போட்டிக்கு அனுப்பலாமா, எத்தனை வருஷத்துக்கு, பெயர் போடலாமா என்பதெல்லாம் தனித்தனி வரியாக எழுதப்பட வேண்டும். இப்போது இன்னும் ஒரு வரி கட்டாயம்: இந்தப் படங்களை ஏஐ கருவிகளில் போட்டு மாற்றவோ, பயிற்சி கொடுக்கவோ கூடாது. ஒப்பந்தத்தின் ஒரு நகல் மாடல் கையில் இருக்க வேண்டும். "அப்புறமா அனுப்புறேன்" வேலைக்கு ஆகாது.

ஷூட் அன்று: உடம்புக்கான தயாரிப்பு

காலையிலிருந்தே தளர்வான உடைதான். நைட்டி, லூஸான குர்தா எது என்றாலும் சரி. உள்ளாடை எலாஸ்டிக், ஜீன்ஸ் இடுப்புப் பட்டி, சாக்ஸ் எல்லாம் தோலில் கோடு போட்டுவிடும். அது மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். வாட்ச், கையில் மாட்டிய ஹேர் பேண்ட், அரைஞாண் கயிறு, மெட்டி என்று நாம் கவனிக்கவே மறந்துபோன தடங்களையும் கேமரா கவனிக்கும். இதில் எதைக் கழற்றுவது, எதைக் கழற்ற விருப்பமில்லை என்பதும் மாடலின் முடிவுதான். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால், அதற்கேற்ற போஸைத் தேடுவது போட்டோகிராபரின் வேலை.

புது க்ரீம், புது வேக்ஸிங் என்று முந்தின நாள் பரிசோதனை வேண்டாம். தோல் சிவந்தால் ஷூட்டே தள்ளிப்போகும். வெறும் வயிற்றில் போகக் கூடாது. "வயிறு தெரியும்" என்று சாப்பிடாமல் போய், லைட் சூட்டில் ஒரே போஸில் நின்று தலைசுற்றி விழுவதை விட, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவது எவ்வளவோ மேல். கூச்சம் போக "கொஞ்சம் குடிங்க" என்று யாராவது கிளாஸை நீட்டினால் அங்கேயே கிளம்பிவிடலாம். போதையில் சொல்லும் 'சரி' சம்மதக் கணக்கில் சேராது.

அறை எப்படி இருக்க வேண்டும்?

உள்ளே தாழ்ப்பாள் போடும் தனி உடை மாற்றும் இடம் வேண்டும். "நாங்க திரும்பிக்கிறோம், மாத்திக்கோங்க" என்பது ஏற்பாடே இல்லை. மேலே போட்டுக்கொள்ள ஒரு நீள அங்கி, காலுக்குச் செருப்பு. போஸ் சொல்லி, லைட் சரிபார்த்து, எல்லாம் தயாரான பிறகுதான் அங்கியைக் கழற்றச் சொல்ல வேண்டும். படம் எடுத்ததும் உடனே அங்கி. லென்ஸ் மாற்றும் ஐந்து நிமிஷத்துக்கும் அப்படித்தான். ஓவியக் கல்லூரிகளில் மாடலை வைத்து வரையும் வகுப்புகளில் இது ரொம்ப காலமாக இருக்கும் வழக்கம். போஸ் கொடுக்கும்போது மட்டும்தான் உடை இல்லாத நிலை. இடைவேளையில் அவரும் மற்றவர்களைப் போல உடையோடு டீ குடிப்பார். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 'வேலை நேரம்', 'வேலை இல்லாத நேரம்' என்ற எல்லையை அந்த ஒரு அங்கிதான் போடுகிறது.

ஏசி ரிமோட் யார் கையில் என்பதும் முக்கியம்தான். சட்டை, பேண்ட் போட்டு லைட்டுக்குப் பக்கத்தில் ஓடியாடும் ஆளுக்கு 18 டிகிரி சுகமாக இருக்கும். துணியில்லாமல் அசையாமல் நிற்பவருக்கு நடுங்கும். மயிர்க்கூச்செறிந்த தோல் படத்திலும் தெரியும். ஒரே போஸில் பதினைந்து இருபது நிமிஷம் தாண்டினால் கை கால் மரத்துப்போகும், அதனால் இடைவேளை கட்டாயம்.

உள்ளே எத்தனை பேர், யார் யார் என்பது முன்பே மாடலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாடகை ஸ்டூடியோ என்றால் சிசிடிவி இருக்கிறதா என்று கேட்டு, மூடச் சொல்ல வேண்டும். எல்லா மொபைலும் வெளியே. மேக்கிங் வீடியோ எடுக்கிறேன் என்று ஒரு அசிஸ்டென்ட் போனைத் தூக்கினால், அந்த வீடியோ அவர் போனிலிருந்து தானாகவே கிளவுடுக்குப் போய்விடும், அவரே நினைத்துப் பார்க்காமல்கூட. எடுத்த படம் உடனுக்குடன் தெரிகிற மானிட்டரை, வாசலைப் பார்த்து வைக்கக் கூடாது.

தொடக் கூடாது. இதில் 'ஆனால்' கிடையாது. கையை உயர்த்த வேண்டும் என்றால் வாயால் சொல்லலாம். இல்லை, போட்டோகிராபர் தானே அப்படி நின்று காட்டலாம். முடி கலைந்திருந்தால் கண்ணாடியைக் கொடுத்து மாடலையே சரி செய்யச் சொல்லலாம். மேக்கப் போடுபவர்கூட ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். சினிமாவில் இந்த வேலைக்கு இப்போது தனி ஆளே வந்துவிட்டார்கள். 2022-ல் வந்த 'கெஹ்ரையான்' இந்திப் படத்தில் 'இன்டிமசி டைரக்டர்' என்று டைட்டிலில் பெயரே போட்டார்கள். போட்டோ ஸ்டூடியோவில் அப்படி ஒருவர் இல்லை. நடிகைக்கு நூறு பேர் யூனிட்டில் கிடைக்கும் பாதுகாப்பு, தனியாக வரும் மாடலுக்குக் கிடைப்பதில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு"

ஷூட் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த வார்த்தையில்தான். பேசிய போஸ் எல்லாம் முடிந்திருக்கும். "செமயா வந்திருக்கு, இன்னும் ஒண்ணே ஒண்ணு, கொஞ்சம் போல்டா..." என்று ஆரம்பிக்கும். மாடலுக்கு விருப்பமில்லை. ஆனால் இவ்வளவு நேரம் நன்றாகப் பேசியவரிடம் எப்படி மறுப்பது? அந்தத் தயக்கத்தில் நடந்துவிடும். பேசாத புது போஸ் தோன்றினால், மாடல் அங்கியைப் போட்டு உட்கார்ந்த பிறகு கேட்பதுதான் முறை. உடை இல்லாமல் நிற்பவரிடம் கேட்பது பேரம் ஆகிவிடும்.

"எப்ப வேணா நிறுத்தலாம்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மையா என்பதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: நடுவில் நிறுத்தினால் சம்பளம் உண்டா? "ஷூட் முடிச்சாதான் காசு" என்றால், நிறுத்தும் உரிமை பேச்சோடு சரி. அன்றைய வாடகைக்கு அந்தக் காசை நம்பி வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். வந்ததற்கும், கொடுத்த நேரத்துக்கும் பணம் நிச்சயம் என்று எழுதியிருந்தால்தான் மாடலால் வாயைத் திறந்து 'போதும்' என்று சொல்ல முடியும். காசே இல்லாமல், 'படம் தருகிறேன், உங்க போர்ட்ஃபோலியோவுக்கு ஆகும்' என்ற ஏற்பாட்டில் நியூட் ஷூட்டுக்கு ஒப்புக்கொள்ளும் புதியவர்கள் இன்னும் ஒரு தடவை யோசிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நிர்வாணப் படம் என்பதாலேயே அது ஆபாசம் ஆகிவிடாது. 2014-ல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருடைய வருங்கால மனைவியும் நிர்வாணமாக இருந்த படத்தை, இந்தியப் பத்திரிகைகள் மறுபிரசுரம் செய்ததுதான் வழக்கு. படம் என்ன சூழலில், என்ன செய்தியோடு வருகிறது, இன்றைய சமூகம் அதை எப்படிப் பார்க்கும் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-வது பிரிவிலும் கலை, இலக்கியம், அறிவியல் நோக்கத்துக்கு விதிவிலக்கு இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிட முடியாது. 1995-ல் ஒரு ஷூ விளம்பரத்துக்காக மிலிந்த் சோமனும் மது சாப்ரேவும் ஒரு மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு நிர்வாணமாக நின்றார்கள். வழக்கு பாய்ந்தது. மாடல்கள் இருவரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். விடுதலை கிடைத்தது 2009-ல். 14 வருஷம்! 2022-ல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு போஸ் கொடுத்த ரன்வீர் சிங் மீதும் மும்பையில் எஃப்ஐஆர் போடப்பட்டது. பெரிய நட்சத்திரத்துக்கு வக்கீல் பட்டாளம் இருக்கும். பத்தாயிரம் ரூபாய்க்கு வந்த மாடலுக்கு? வழக்கு வந்தால் செலவு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

மாடல் பக்கம் நிற்கும் சட்டமும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு (பழைய ஐபிசி 354சி) விளக்கத்திலேயே இருக்கிறது: ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதித்து, அதை மூன்றாம் நபருக்குப் பரப்பச் சம்மதிக்காத நிலையில் பரப்பினால், அது குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. "அவங்களே விரும்பித்தானே போஸ் கொடுத்தாங்க" என்ற வாதம் அங்கே எடுபடாது. இந்தப் பிரிவு பெண்களுக்கானது. ஆண், பெண், திருநர் யாராக இருந்தாலும், சம்மதம் இல்லாமல் அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு இருக்கிறது: 3 ஆண்டு வரை சிறை, இல்லை 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும்.

ஷூட் முடிந்த பிறகு

ஓவிய வகுப்பு முடிந்தால் மாடல் வீட்டுக்குப் போய்விடுவார். பேப்பரில் இருக்கும் கோடுகளை வைத்து அவரை யாரும் சுலபமாக அடையாளம் கண்டுவிட முடியாது. அப்படியிருந்தும் அந்த வேலையை வீட்டுக்குச் சொல்ல முடியாத நிலை உண்டு. மும்பை ஜே.ஜே. கலைக் கல்லூரியில் மாடலாக நிற்கும் ஒரு தாயைப் பற்றி ரவி ஜாதவ் எடுத்த 'நியூட்' மராத்திப் படத்தின் கதையே, மகனுக்குத் தெரியாமல் அவள் அந்த வேலையைச் செய்வதுதான். அந்தப் படத்தையே 2017 கோவா திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பட்டியலிலிருந்து தூக்கினார்கள். போட்டோவோ முகத்தோடு, தேதியோடு, சில நேரம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரத்தோடு இருக்கும்.

அதனால் கேமராவிலேயே படங்களைப் பார்த்து, எதை அழிக்க வேண்டும் என்று சொல்ல மாடலுக்கு நேரம் தர வேண்டும். அழித்துவிட்டதாகச் சொல்லும் படத்தை மெமரி கார்டிலிருந்து திரும்ப எடுக்க முடியும் என்பதால், வேண்டாத படங்களை எந்தப் பிரதியிலும் வைத்திருக்கவோ மீட்கவோ மாட்டேன் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எடிட்டிங் வெளியே போகிறதா? அப்படியென்றால் இன்னொரு ஊரில் இருக்கும் இன்னொருவரும் அந்த ஃபைல்களைப் பார்க்கிறார். அதுவும் மாடலுக்குத் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஃபைனல் அனுப்பியாச்சு" வேண்டாம். பாஸ்வேர்ட் போட்ட ஃபோல்டராகத் தரலாம்.

மறுநாள் மனம் மாறினால்? கையெழுத்துப் போட்டாச்சு என்று சொல்வது சட்டப்படி செல்லலாம். ஆனால் ஒரு வாரம், பத்து நாள் 'யோசிக்கும் அவகாசம்' என்று ஒப்பந்தத்திலேயே வைத்து, அதற்குள் மாடல் வேண்டாம் என்றால் அந்தப் படத்தை விட்டுவிடும் ஏற்பாட்டையும் கேட்டு வாங்கலாம். ஒப்புக்கொள்கிறாரா இல்லையா என்பதை வைத்தே போட்டோகிராபர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

படம் லீக் ஆகிவிட்டால்?

பதற்றத்தில் எல்லாவற்றையும் டெலீட் செய்துவிடக் கூடாது. முதலில் ஸ்கிரீன்ஷாட், லிங்க், அனுப்பியவரின் ஐடி, தேதி, நேரம் ஆகியவற்றைச் சேமிக்க வேண்டும். அடுத்து அந்தத் தளத்திலேயே புகார். 2021-ல் வந்த ஐ.டி. விதிகளே, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் கொடுத்தால் நிர்வாணப் படத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று சொல்லியிருந்தன; 2026-ல் அந்த அவகாசம் 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பெயர் சொல்லாமலும் புகார் அளிக்கலாம், ஆனால் வழக்காக நடத்த வேண்டும் என்றால் பெயரோடு கொடுப்பதுதான் உதவும். ஒப்பந்த நகல் இந்த இடத்தில்தான் ஆதாரமாகக் கை கொடுக்கும்.

இன்னும் பரவவில்லை, பரப்புவேன் என்று மிரட்டுகிறார்கள் என்றால் 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவச சர்வதேச சேவை இருக்கிறது. 18 வயதைக் கடந்தவர்களுக்கானது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாக்கப்படும், அந்தக் கைரேகை மட்டும்தான் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போல இதில் சேர்ந்திருக்கும் தளங்களில் யாராவது அதே படத்தை ஏற்றினால், அதை வைத்துக் கண்டுபிடித்துத் தடுக்கிறார்கள். சேராத தளங்களில் இது வேலை செய்யாது. படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் தப்பிவிடவும் வாய்ப்பு இருப்பதால், கையில் இருக்கும் எல்லா வடிவங்களுக்கும் தனித்தனியாகக் கைரேகை பதிய வேண்டும்.